குறைந்த பட்ஜெட்டில் நம்பகமான பழைய எஸ்யூவி: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

நெடும்பாதை

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஐந்து பேர். அப்பா அம்மா இருவருக்கும் முழங்கால் வலி, தாழ்வான காரில் உட்கார்ந்து எழுவது பெரும்பாடாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் உயரமான வண்டியாக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். புதுசுக்குக் கை எட்டாது. என் தொகைக்குப் பத்துப் பதினைந்து வருடப் பழைய எஸ்யூவிதான் வரும், அதுவும் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியதாகத்தான் இருக்கும்.

ஓட்டம் பெரும்பாலும் சின்னச் சின்னத் தூரம். அவ்வப்போது நெடுஞ்சாலை, எப்போதாவது மண் ரோடு. நடுவழியில் வண்டி நின்று பெரியவர்களைச் சாலையோரம் உட்கார வைக்கும் நிலை வரக்கூடாது, அவ்வளவுதான் வேண்டும்.

விளம்பரங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இரண்டு லட்சம் ஓடிய ராவ்4 ஒரு பக்கம், அதே விலைக்கு அதில் பாதி ஓடிய வேறு கம்பெனி வண்டி இன்னொரு பக்கம். எதை எடுப்பது? டீசலா, பெட்ரோலா? ஃபோர் வீல் டிரைவ் அவசியமா?

பழைய_ஸ்பானர்

வாங்க நண்பரே. முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு வண்டியின் விலைக்குப் போகவே கூடாது. இந்த வயது வண்டி எதை எடுத்தாலும் முதல் சில மாதத்துக்குள் டயர், பேட்டரி, பிரேக் பேட், எல்லா ஆயிலும், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் என்று வரிசை கட்டும். கையில் இருந்ததை எல்லாம் கொடுத்து வாங்குபவர்கள் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். ஆறு மாதத்தில் நல்ல வண்டிகூட அவர்கள் கையில் கெட்டுவிடுகிறது.

அடுத்து கிலோமீட்டர். சர்வீஸ் பில் கையில் இருக்கும் இரண்டு லட்சத்துக்கு நான் பயப்பட மாட்டேன். பில் ஒன்றுகூட இல்லாத தொண்ணூறாயிரத்துக்குப் பயப்படுவேன். நெடுஞ்சாலையில் ஓடி ஏறிய கிலோமீட்டரும், நெரிசலில் நின்று நின்று ஏறிய கிலோமீட்டரும் என்ஜினுக்கு ஒன்றல்ல.

நீங்கள் சொன்ன உபயோகத்துக்குப் பெட்ரோல்தான். பத்துப் பதினைந்து வருடத்துக்குள் வந்த டீசல்களில் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். வண்டி ஓரளவு வேகத்தில் தொடர்ந்து ஓடி சைலன்சர் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும். சின்னத் தூரமே ஓட்டினால் அடைத்துக்கொண்டே போகும், கடைசியில் செலவு பெரிதாக வரும்.

மாடல்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது. எந்த என்ஜின் எந்த நாட்டில் வந்தது என்பது மாறும், உங்கள் வண்டியின் என்ஜின் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹோண்டா சிஆர்-வி. 1995இல் வந்த முதல் தலைமுறையில் டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பட்டை). 2001க்குப் பிறகு வந்த கே வரிசை பெட்ரோல் என்ஜின்களில் செயின், ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் நீண்ட காலம் உழைக்கும். 2001 முதல் 2006 வரை வந்ததில் ஏசி கம்ப்ரஸர் உள்ளே நொறுங்கும் குறை உண்டு. நொறுங்கினால் உலோகத் துகள் ஏசி முழுக்கப் பரவிவிடும், கம்ப்ரஸரை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது. ஏசியை ஒரு கால்மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியென்றால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாகப் போகும்போது பின்னாலிருந்து முனகல் வருகிறதா என்று கேளுங்கள். அது பின் டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) ஆயில் பழசானதின் அடையாளம். ஹோண்டா அதற்கென்றே தரும் ஆயிலை மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், வண்டியையே வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை.

டொயோட்டா ராவ்4. நல்ல பெயர் சும்மா வரவில்லை. ஆனால் 2006 முதல் 2008 வரை வந்த 2.4 லிட்டர் என்ஜினில் ஆயில் குடிக்கும் தொல்லை பரவலாகத் தெரிந்த விஷயம், பிஸ்டன் ரிங்கில் கரி படிந்து ஏற்படுவது. ஆயில் அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் விற்பவர் அதைக் கவனிப்பதே இல்லை என்று அர்த்தம்.

சுபாரு ஃபாரஸ்டர். 2.5 லிட்டர் ஈஜே25 என்ஜினில் ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல், கீழ்ப் பகுதிகளுக்கு நடுவில் இருக்கும் அடைப்பு) கசியும், டைமிங் பெல்ட்டும் உண்டு. இரண்டும் மாற்றியதற்குப் பில் இருந்தால் அருமையான வண்டி. பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

ஹூண்டாய், கியாவின் தீட்டா 2 வகை 2.4 மற்றும் 2.0 டர்போ என்ஜின்களில் கனெக்டிங் ராட் (பிஸ்டனோடு இணைந்த தண்டு) பேரிங் பிரச்சினைக்காக 2017இல் அமெரிக்காவில் சான்டா ஃபே ஸ்போர்ட், சொரென்டோ வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்த என்ஜின் என்றால் ரீகால் வேலை முடிந்ததா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

நிசான் ரோக், எக்ஸ்-ட்ரெயிலில் வரும் சிவிடி (தனித்தனிக் கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் ஆயில் மாற்றாமல் ஓடியிருந்தால் நான் தொடவே மாட்டேன்.

நாலுசக்கரம்

ஸ்பானர் அண்ணே சொன்ன பட்டியல் சரி, ஆனால் அதெல்லாம் காரின் மேல் எஸ்யூவி சட்டை போட்ட வண்டிகள். நம்பகம் என்றால் தனிச் சேஸிஸ் (அடியில் இருக்கும் இரும்புச் சட்டம்) மேல் உடல் உட்கார்ந்த வண்டிதான். பிராடோ, 4ரன்னர் மாதிரி. 1996 முதல் 2002 வரை வந்த 4ரன்னரின் 3.4 லிட்டர் வி6 சாதாரணமாகச் சாகாத என்ஜின். அவ்வளவு பட்ஜெட் இல்லையென்றால் சுசூகி கிராண்ட் விட்டாராவைப் பாருங்கள். 2005க்குப் பிறகு வந்ததில் ஏணிச் சட்டத்தை உடலோடு சேர்த்தே கட்டியிருப்பார்கள். பல வகைகளில் நிரந்தர ஃபோர் வீல் டிரைவும், பூட்டக்கூடிய நடு டிஃபரென்ஷியலும் உண்டு. இந்த விலையில் அவ்வளவு வசதி வேறெதிலும் கிடைக்காது. பெட்ரோல் குடிக்கும், அதைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய_ஸ்பானர்

தம்பி, அந்த என்ஜின் சாகாது, சேஸிஸ் துருப்பிடித்துச் சாகும். பனிக்கு உப்புத் தூவும் ஊரிலும் கடலோரத்திலும் ஓடிய வண்டி என்றால் கீழே படுத்துப் பார்க்காமல் காசு கொடுக்கவே கூடாது. இதே 4ரன்னரில் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்தால் கூலன்ட்டும் கியர்பாக்ஸ் ஆயிலும் கலந்து இளஞ்சிவப்புக் குழம்பாகிவிடும், கியர்பாக்ஸும் போகும். பழைய ரேடியேட்டரோடு இருந்தால் வாங்கியதும் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

மழைத்துளி

நெடும்பாதை, இரண்டு விஷயம் சொல்கிறேன். யாரும் இன்னும் தொடவில்லை.

முழங்கால் வலிக்காகத்தானே வாங்குகிறீர்கள்? அப்படியென்றால் சேஸிஸ் வைத்த பெரிய எஸ்யூவி உங்களுக்கு எதிரி. அதன் தரை உயரத்தில் இருக்கும், ஒரு காலை மடக்கித் தூக்கி வைத்து, முழு எடையையும் அந்த முழங்காலில் போட்டுத்தான் ஏற வேண்டும். என் மாமியாருக்கு வண்டி தேடியபோது இதை நேரிலேயே பார்த்தேன். உயரமான வண்டியில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறினார், இறங்கும்போது வழுக்கப் பார்த்தார். சிஆர்-வி, ஃபாரஸ்டர் அளவு வண்டியில் சீட் அவர் இடுப்பு உயரத்துக்கு வந்தது. பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் விளிம்பு எவ்வளவு அகலம் என்பதும் முக்கியம். விளிம்பு அகலமாக இருந்தால் கால் எட்டாது. பக்கவாட்டில் படி மாட்டியிருந்தால் சில பேருக்கு உதவும், சில பேருக்கு இறங்கும்போது கெண்டைக்காலில் இடிக்கும். வாங்குவதற்கு முன் அப்பா அம்மாவைக் கூட்டிப்போய் பின் சீட்டிலும் உட்கார வையுங்கள்.

இரண்டாவது, ஈஎஸ்சி. வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு நேராக்கும் அமைப்பு. உயரமான வண்டிக்கு எடை மேலே இருப்பதால் கவிழும் ஆபத்து காரைவிட அதிகம். 2000இல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் டயர் பிரிந்து வண்டிகள் கவிழ்ந்து, ஃபயர்ஸ்டோன் லட்சக்கணக்கில் டயர்களைத் திரும்ப அழைத்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஈஎஸ்சி வந்த பிறகு எஸ்யூவி கவிழும் விபத்துகள் நன்றாகவே குறைந்தன. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து. அதற்கு முந்தைய வண்டியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டொயோட்டா விஎஸ்சி என்பார்கள், ஹோண்டா விஎஸ்ஏ, நிசானும் சுபாருவும் விடிசி. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சறுக்கும் கார் படம் எரிந்து, என்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஒன்று அந்த வசதி கிடையாது, அல்லது யாரோ விளக்கை மறைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஈஎஸ்சி இல்லாத எஸ்யூவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நாலுசக்கரம்

அக்கா, முழங்கால் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. பிராடோவை வாபஸ் வாங்குகிறேன். கிராண்ட் விட்டாராவும் கொஞ்சம் உயரம்தான்.

சரி, ஃபோர் வீல் டிரைவ் கேள்விக்கு வருகிறேன். நெடும்பாதை சொல்கிற மண் ரோட்டுக்கு அது தேவையில்லை. நல்ல டயரும் தரையிலிருந்து கொஞ்சம் உயரமும் போதும். டூ வீல் டிரைவ் என்றால் பின் டிஃபரென்ஷியல், நீளத் தண்டு, முன் பின் சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் எதுவும் கிடையாது, பழுதாகவும் ஒன்றும் இல்லை. ஆனால் நல்ல வண்டி ஃபோர் வீல் டிரைவாகவே கிடைத்தால் ஒதுக்க வேண்டாம், சோதித்து வாங்குங்கள்.

நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமா என்று பாருங்கள். இரண்டு புதுசு, இரண்டு மொட்டை என்று ஓட்டியிருந்தால் சக்கரங்களின் சுற்றளவு மாறும், நடுவில் இருக்கும் கப்ளிங் ஓயாமல் உராய்ந்து சூடாகும். டயர் பக்கவாட்டில் ‘DOT’ எழுத்துக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் வயதை விற்பவர் வாயால் கேட்கத் தேவையில்லை.

அப்புறம் காய்ந்த, வெறிச்சோடிய இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள். இரண்டு பக்கமும். டக் டக் என்று சத்தம் வந்தால் சிவி ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) போய்விட்டது. அதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. யாரோ பிரேக் பிடிப்பதுபோல் வண்டி இழுத்து இழுத்துத் திணறினால் கப்ளிங் இறுகியிருக்கலாம். அது பெரிய செலவு. தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் வகை வண்டி என்றால் இந்தச் சோதனையை டூ வீலில் வைத்துத்தான் செய்ய வேண்டும், காய்ந்த ரோட்டில் ஃபோர் வீலில் அது இயல்பாகவே திணறும்.

நெடும்பாதை

எவ்வளவு விஷயம்! எல்லோருக்கும் நன்றி. மழைத்துளி அக்கா சொன்னதைப் படித்ததும் அப்பா அம்மாவைத் தெரிந்தவர்களின் வண்டிகளில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். நீங்கள் சொன்னது அப்படியே சரி. பெரிய எஸ்யூவி எல்லாம் பட்டியலிலிருந்து போய்விட்டது.

வண்டி பார்க்கப் போகும்போது எதிலிருந்து ஆரம்பிப்பது என்று ஸ்பானர் அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய_ஸ்பானர்

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கிளம்பி இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த என்ஜின் முதல் சில விநாடியில் சொல்வதை, சூடான என்ஜின் ஒருநாளும் சொல்லாது. செயின் தளர்ந்திருந்தால் அந்த நேரத்தில்தான் கடகடவென்று சத்தம் வரும். சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை குளிர்காலத்தில் கொஞ்ச நேரம் வருவது சகஜம், நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். மோர் நிறத்தில் படிந்திருந்தால் எச்சரிக்கை, ஆனால் சின்னத் தூரமே ஓடிய வண்டியிலும் ஈரம் தங்கி அப்படி வரும். அதனால் கூலன்ட் டேங்கையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அதில் ஆயில் மிதக்கக் கூடாது, குமிழி வரக்கூடாது.

அடுத்தது கணினி. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் (வண்டியின் கணினியைப் படிக்கும் துளை) இருக்கும். அதில் செருகி செல்போனோடு இணைக்கும் சின்ன ரீடர் மலிவாகவே கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் பிழைக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ‘ரெடினெஸ்’ பக்கம். வண்டி தன் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி அமைப்பு எல்லாவற்றையும் ஓட்டத்தில் தானே சோதித்து முடித்ததா என்று அது காட்டும். யாராவது நேற்று இரவு குறியீட்டை அழித்துவிட்டு உங்களுக்குக் காட்டினால் விளக்கு எரியாது, குறியீடும் இருக்காது, ஆனால் அந்தப் பக்கத்தில் பாதி ‘முடியவில்லை’ என்றே நிற்கும். பல வண்டிகளில் அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றுகூடத் தெரியும்.

கியர்பாக்ஸ்: குளிர்ந்த நிலையிலும் சூடேறிய பிறகும் ரிவர்ஸ் போடுங்கள், டிரைவ் போடுங்கள். தாமதமாகப் பிடித்தாலோ இடித்துப் பிடித்தாலோ யோசியுங்கள். அளவுக்கோல் இருந்தால் ஆயிலை முகர்ந்து பாருங்கள், கருகல் வாடை அடிக்கக் கூடாது.

வெள்ளத்தில் நின்ற வண்டி மெருகேறி விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். சீட் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓடோமீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பரை நம்புங்கள். எண்பதாயிரம் என்று சொல்லும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் ஏறும் பக்கம் நைந்திருந்தால் கணக்கு இடிக்கிறது.

இவ்வளவும் தேறினால் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

மழைத்துளி

ஒன்று சேர்க்கிறேன். வின் எண்ணை (வண்டியின் தனி அடையாள எண்) எழுதிக்கொண்டு ரீகால் பாக்கி இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம் இன்னும் முடியவில்லை. வெப்பமும் ஈரமும் பட்டுப் பட்டு அதை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர் கெட்டு, விபத்தில் வெடித்து உலோகத் துண்டு முகத்தில் பாயும். அந்த நிறுவனம் 2017இல் திவாலானது, ஆனால் மாற்றப்படாத ஏர்பேக்கோடு வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. நீங்கள் தேடும் வயது வரம்பில் வரும் ஹோண்டா, டொயோட்டா, சுபாரு பலவும் அந்தப் பட்டியலில் இருந்தவை. மாற்றித்தர உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள்.

நெடும்பாதை

இரண்டு வண்டி கையில் நிற்கிறது.

ஒன்று, 2009 சிஆர்-வி, டூ வீல் டிரைவ், ஆட்டோமேட்டிக். ஒரே உரிமையாளர். 2,10,000 கிலோமீட்டர். ஆரம்பத்திலிருந்து எல்லா பில்லும் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறார். விஎஸ்ஏ உண்டு, விளக்கு சரியாக எரிந்து அணைகிறது. முன் பம்பரில் கீறல், டயர் நான்கும் பழசு. ரெடினெஸ் எல்லாம் முடிந்ததாகக் காட்டியது. என்ஜின் குளிராக இருக்கும்போது மேலிருந்து லேசாக ஒரு டிக் டிக் சத்தம்.

இன்னொன்று, 2014 கிராஸ்ஓவர், சிவிடி கியர்பாக்ஸ். 95,000 கிலோமீட்டர். பார்க்கப் புதுசு மாதிரி. பில் எதுவும் இல்லை. ரீடரில் மூன்று சோதனை ‘முடியவில்லை’ என்று வந்தது. கேட்டால் போன வாரம் பேட்டரி மாற்றினேன் என்கிறார்.

வீட்டில் எல்லோருக்கும் இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

நாலுசக்கரம்

பேட்டரியைக் கழற்றினாலும் அந்தச் சோதனைகள் அழியும், அது உண்மைதான். அவர் சொல்வது பொய் என்று சொல்லிவிட முடியாது. “நீங்கள் வழக்கம்போல் ஒரு வாரம் ஓட்டுங்கள், நான் வந்து திரும்பப் பார்க்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் சரி என்பார்.

பழைய_ஸ்பானர்

அது தேறினாலும் பில் இல்லாத சிவிடி என்பது மாறாது. அதன் ஆயில் மாற்றினார்களா என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. அது போனால் பெரும்பாலும் முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வார்கள், இந்த விலை வண்டியில் அது வண்டி விலையில் பெரும் பகுதி. நான் முதல் வண்டியைத்தான் எடுப்பேன். வீட்டில் அந்த ஃபைலைக் காட்டுங்கள். ஒருவர் பத்து வருடத்துக்கு மேல் ஒவ்வொரு பில்லையும் எடுத்து வைத்திருக்கிறார் என்றால் வண்டியையும் அப்படித்தான் வைத்திருப்பார்.

டயர் நான்கையும் காட்டி விலை குறையுங்கள். பம்பர் கீறலைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள், அதை அப்படியே விட்டுவிடலாம்.

டிக் டிக் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். இந்த என்ஜினில் வால்வு இடைவெளி தானாகச் சரியாகாது, அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டும். ஃபைலில் அதற்கான பில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நெடும்பாதை

ஃபைலைப் புரட்டினேன். வால்வு வேலைக்கு ஒரே ஒரு பில், அதுவும் வெகு நாளுக்கு முந்தையது. கியர்பாக்ஸ் ஆயில் ஒழுங்காக மாற்றியிருக்கிறார், கடைசியாக 1,70,000இல். என் மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கீழே துரு இல்லை, கசிவு இல்லை என்றார். ஏர்பேக் ரீகாலும் முடிந்திருக்கிறது. டயருக்கான தொகையைக் கழித்துப் பேசி முடித்துவிட்டோம், அடுத்த வாரம் வண்டி வீட்டுக்கு வருகிறது. வந்ததும் முதல் வேலை என்ன? கியர்பாக்ஸ் ஆயிலை மெஷின் வைத்து முழுக்க ஃப்ளஷ் செய்யலாமா?

பழைய_ஸ்பானர்

மெஷின் வேண்டாம். கீழே போல்ட்டைக் கழற்றி வடித்து, ஹோண்டா சொல்லும் ஆயிலை ஊற்றச் சொல்லுங்கள். ஒருமுறை வடித்தால் கொஞ்சம்தான் வெளியே வரும், மிச்சம் கியர்பாக்ஸை என்ஜினோடு இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலேயே நிற்கும். அதனால் கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றுங்கள், மூன்று தடவை செய்தால் பெரும்பகுதி புதுசாகிவிடும். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் மை போல நைசான தூள் ஒட்டியிருந்தால் இயல்பு, சில்லுச் சில்லாக உலோகம் இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர் அதே வாரம். டயர் நான்கும் ஒன்றாக. வால்வு இடைவெளியை என்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும், ஹோண்டா சொல்லும் வரம்பு 38 டிகிரிக்குக் கீழே. அதனால் வண்டியை முந்தின நாள் மாலையே மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்கச் சொல்லுங்கள்.